இன்னும் கொஞ்சம்

என் வீட்டில் இப்போதெல்லாம் ஒரு பருக்கை வீணாவதில்லை. ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சட்டி காலியாகும்போது வயிறும் நிறைகிற அளவைக் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் எதைச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினேனோ, அது கடைசியில் என் அடுப்படியில் நடந்தேறிவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் தட்டைக் கழுவப் போகும்போது சில நாள் எரிச்சல் வருகிறது. எதிரே நின்று கரண்டியை நீட்ட ஆள் இல்லாத சாப்பாடு என்ன சாப்பாடு என்று தோன்றுகிறது. அப்போதெல்லாம் ஒரு ஜெர்மன் பெண்ணை நினைத்துக்கொள்வேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம், சுற்றிலும் முந்திரிக்காடு உள்ள ஓர் ஊரில் உயர்நிலைப்பள்ளி அறிவியல் டீச்சராக இருந்தேன். சுற்றுச்சூழல் மன்றமும் என் தலையில்தான் விழுந்திருந்தது. சத்துணவு நேரத்தில் கை கழுவும் இடத்தில், குப்பைத் தொட்டியை ஒட்டி நின்றுகொள்வேன். சோற்றைக் கொட்ட வருகிற பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றுவிட்டு வரும். எனக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'குப்பைத்தொட்டி டீச்சர்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்தைச் சேர்த்துவிட்டார்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத சாப்பாடு எது என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அவர்கள் இங்கே வருவார்கள், இங்கிருந்து சிலர் அங்கே போவார்கள், செலவு அவர்களுடையது. திட்டத்துக்கு இங்கிலீஷில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் அதைச் 'சோத்துத் திட்டம்' என்றுதான் சொன்னார்கள்.

ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் அந்தப் பிள்ளைகள் அவ்வப்போது வருவார்கள், கரண்ட் இருந்தால். தங்கள் ஊர்க் கடையில் விற்கிற வாழைப்பழம் எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வருகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் பழைய சோற்றைப் பற்றிச் சொன்னார்கள். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அதுவே சாப்பாடு என்றதும் அந்தப் பக்கம் ஒரே வியப்பு.

ஒரு நாள் பேச்சு கழனிப் பானையில் வந்து நின்றது. அரிசி கழுவின தண்ணீரும் காய்த்தோலும் இலையில் மிஞ்சினதும் அதற்குள் போகும், அங்கிருந்து மாட்டுக்குப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, மாடு தின்றால் அது வீணா, வீண் இல்லையா என்று கேட்டாள். அந்தப் பக்கத்து டீச்சர் நெட்டையான, நிதானமான பெண்மணி. நன்றாக யோசித்துவிட்டு, வீண் இல்லைதான், ஆனால் சமைத்தது மனிதருக்காக அல்லவா என்றார். கடைசியில் இரண்டு பக்கமும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம்: தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்க மாட்டோம். வாசகம் என்னுடையது. எதையும் சுருக்கமாக எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாடு அதற்குள் அடங்கவில்லை.

மாசிக் கடைசியில் அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் எங்கள் மாணவர் ஒருவரின் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மாடி கட்டிய மெத்தை வீட்டுக்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். மாட்டைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணும் தன் வீட்டுக்கு ஒருத்தி வேண்டும் என்று நின்றாள். அவளுடைய அப்பா குவைத்தில் இருந்தார். அம்மா முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போகிறவர். இரண்டே அறை உள்ள வீடு. பெற்றோர் கூட்டத்தில் யாரோ அதைச் சொல்லி இழுத்தபோது அந்த அம்மா எழுந்தார்.

"வீடு சின்னதுதான் டீச்சர். சோத்துக்குக் கொற இருக்காது."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. நான் பெயரை எழுதிக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக்கு வந்த ஜெர்மன் பெண் அதிகம் பேசாதவள், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், கறி மீன் தொடாதவள். இது தெரிந்ததும் அந்த அம்மா பச்சை முந்திரிக் குழம்பு வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. பச்சைக் கொட்டையின் தோலில் உள்ள பால் பட்டால் கை பொத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாகப் பிளந்து பருப்பை எடுக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். அவருடைய விரல் நுனிகள் கறுத்துக் கன்றிப்போயிருந்ததை நான் பார்த்தேன்.

வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு போன நான் அங்கே நுழைந்தபோது இலை போட்டாகிவிட்டது. எனக்கும் ஓர் இலை விழுந்தது. சோறு, பருப்பு, நெய், முந்திரிக் குழம்பு, முருங்கைக்கீரை, வாழைக்காய் வறுவல், ரசம், பாயசம். அந்தப் பெண் கையால் பிசைந்து, சிந்தாமல், நிதானமாகச் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை இல்லாமல் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே அந்த அம்மா கரண்டியோடு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கத்தா."

எங்கள் பக்கத்தில் விருந்தாளியின் இலை காலியாக இருந்தால் பசி தீரவில்லை என்று பொருள். போதும் என்றால் இலைக்குக் குறுக்கே கையை வைக்க வேண்டும், அல்லது இலையை மடிக்க வேண்டும். வாயால் சொல்கிற வேண்டாம் எல்லாம் கணக்கில் வராது, முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. இதையெல்லாம் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொண்டதே இல்லை. அதனால் வந்தவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவள் உறுதிமொழியை மனதில் வைத்துக்கொண்டு இலையைக் காலி செய்தாள். காலியான இலையைப் பார்த்து அந்த அம்மா மறுபடியும் போட்டார். அவள் போதும் என்று வணக்கம் வைத்தாள். கும்பிட்டு வாங்குகிறாளே என்று அவருக்கு உருகிப்போயிற்று, கூட ஒரு கரண்டி விழுந்தது.

"எம்புட்டு ஆசையாச் சாப்புடுது பாருங்க டீச்சர் புள்ள."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். குப்பைத் தொட்டியை ஒட்டி எத்தனையோ வருஷம் நின்றவளுக்கு, அப்படி ஒரு சுத்தமான இலையைப் பார்ப்பது கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. காரம் என்று நினைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் அவளுக்கு வாந்தி. நிற்கவில்லை. கார் பிடித்து கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருக்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். ஆனால் அந்த நெட்டை டீச்சர் பயந்துவிட்டார். வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் அப்போதே புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜுக்கு மாற்றினார், இனி ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஊரான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஊர் சும்மா இருக்குமா. விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அந்த வீட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லையாம், பச்சைக் கொட்டையின் பால் குழம்பில் கலந்துவிட்டதாம். மெத்தை வீட்டுப் பெண்கள் வாங்கி வைத்த காய்கறியை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். அந்த அம்மா காட்டுக்கு வேலைக்குப் போகவில்லை. மகள் வகுப்பில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அம்மா நேத்துலேருந்து சாப்புடல டீச்சர். என் கை ராசியில்லாத கைன்னு சொல்லி அழுவுது" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாத கோபம். நேராக லாட்ஜுக்குப் போய் அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன். மெலிந்த குரலில் சொன்னாள். மிச்சம் வைக்கக் கூடாது என்று உறுதிமொழி எடுத்திருக்கிறேன். முடித்துவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். முடிக்க முடிக்க வந்துகொண்டே இருந்தது. சீக்கிரம் சாப்பிட்டால் சீக்கிரம் முடியும் என்று வேகமாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். அதற்கும் வந்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை. நெட்டை டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை இலையாக வைத்து, எப்படிக் குறுக்கே கை வைப்பது, எப்படி மடிப்பது என்று இரண்டு பேருக்கும் காட்டினேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கவனித்தாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

அங்கிருந்து பஸ் பிடித்து அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கன்றிப்போன விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மிச்சம் வச்சிருந்தா மாடு தின்னுட்டுப் போயிருக்கும்ல டீச்சர். அதுக்காகவா அந்தப் புள்ள அம்புட்டையும் தின்னுச்சு?"

நான் எழுதிய சுருக்கமான வாசகத்தை நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வாயி எங்க வீட்டுல சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர். இல்லாட்டி காலத்துக்கும் இந்தப் பேச்சு போகாது. எம்புள்ள கொண்டுபோற சோத்தக்கூட எவளும் வாங்கித் திங்க மாட்டா."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வெளிநாட்டுப் பயணமோ சான்றிதழோ அவர் மனதில் இல்லை. தன் கையால் போட்ட சோற்றை அந்தப் பிள்ளை இன்னொரு முறை சாப்பிட வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும்.

நெட்டை டீச்சரிடம் பேசிப் பேசி என் இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் இருவரும் வந்தார்கள். வாசலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடி நின்றது. குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், அவ்வளவே வைத்திருந்தார். அந்தப் பெண் சாப்பிட்டாள். முடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இலையின் வலது ஓரத்தைப் பிடித்து இடது பக்கமாகப் புரட்டி, புத்தகத்தை மூடுவது போல மூடினாள். நான் செய்தித்தாளில் சொல்லிக் கொடுத்ததன் லட்சணம் அது. மேலிருந்து கீழாக மடிக்க வேண்டியதைப் பக்கவாட்டில் மடித்துவிட்டாள். ரசம் வழிந்து பாய் நனைந்தது.

மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் குனிந்து இலையைப் பிரித்து, சரியான பக்கம் மடித்துக் காட்டினார். அப்புறம் கரண்டியை இலைக்கு எட்டாத தூரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் இரண்டு கையையும் இலைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். அவள் கற்றுக்கொண்ட தமிழ் அது ஒன்றுதான்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் எங்கள் முறை வந்தது. நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். அந்த அம்மாவின் மகளும் அதில் ஒருத்தி. அவள் தங்கினது அதே ஜெர்மன் பெண்ணின் வீட்டில். எனக்கு நெட்டை டீச்சர் வீட்டில் இடம்.

முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு வைத்த கிண்ணம் கை மாறி என்னிடம் வந்தது. ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நம் வீட்டு வழக்கப்படி சொன்ன முதல் வேண்டாம். அவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அந்தக் கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ராத்திரிக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை, ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும்தான். அதிலும் ஒரு தடவை கேட்டார்கள், நானும் ஒரு தடவை வேண்டாம் என்றேன். பெட்டியிலிருந்த முறுக்கு காப்பாற்றியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் நான்கு பேரும் வாடிப்போய் நின்றார்கள். விசாரித்தால் எல்லோருக்கும் அதே கதை. எல்லோரும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். இனி முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதட்டினேன். மூன்று பேர் மறுநாளே பழகிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் மகள் மட்டும் பழகவில்லை. கேட்டவுடன் எப்படி டீச்சர் நீட்டுவது, அலைகிறேன் என்று நினைப்பார்களே என்றாள். அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். தோட்டத்து ஆப்பிளும் முட்டைக்கோஸும் வெண்ணெய் மணக்கும் கிழங்கும் இருந்தன. பக்கத்துப் பண்ணையில் விளைந்தது, வீட்டிலேயே விளைந்தது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொன்னார்கள். பாத்திரத்தில் எவ்வளவு அழகாக அளந்து சமைத்திருந்தார்கள் என்று என் வாத்தியார் மனசு மெச்சிக்கொண்டது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது ஊரிலிருந்து வீடியோ கால். அம்மாதான். மகள் போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்தாள்.

"சாப்பிட்டியாத்தா?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்மா."

"எத்தன தடவ வாங்குன?"

மகள் தட்டில் இருந்த கிழங்கைக் கரண்டியால் புரட்டினாள். அந்த அம்மா போனுக்குள் முகத்தை நெருக்கி வைத்துப் பார்த்தார். "கேட்டாங்களா, கேக்கலயா?"

"கேட்டாங்கம்மா. வேணாம்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் கேக்கல."

அந்த முகத்தில் என்ன ஓடியது என்பதை என்னால் பார்க்க முடியவில்லை, நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் மகளை விட்டுவிட்டு, பக்கத்தில் எட்டிப் பார்த்த ஜெர்மன் பெண்ணைப் பார்த்து, "ஏத்தா" என்று கூப்பிட்டார். சோறு போடுகிற மாதிரிக் கையைக் காட்டி, மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் போனைப் பார்த்தாள், அப்புறம் தன் தோழியின் தட்டைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, கிழங்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். இவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். அவள் காதில் வாங்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு கரண்டி போட்டாள், மறுபடி "இன்னும் கொஞ்சம்" என்று இன்னொன்று. அவளுடைய அம்மாவும் அப்பாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வேண்டாம் என்கிறவளுக்கு இப்படித் திணிக்கிறாளே என்று அவர்களுக்கு அதிர்ச்சி. எங்கள் பெண் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். பசியோடு சாப்பிட்டாள். கண்ணீர் கிழங்கில் விழுந்தது. என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

போனில் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். என்னைத்தான் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க. போதும்னு சொன்னா விட்ரணும். நாளைக்கு இவளுக்கு வயித்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் புள்ளயத்தான் எல்லாரும் சொல்லுவாக."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஜெர்மன் பெண் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தோழியின் முகத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, "இன்னும் கொஞ்சம்?" என்று கேள்வியாகக் கேட்டாள். எங்கள் பெண் போனில் தெரிந்த தன் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.